றிங்கார்ட்டின் நன்றிப் பாடல்

முப்பதாண்டுப் போர் 1648இல் முடிவுற்ற மகிழ்ச்சியிற் பிறந்ததே மார்ட்டின் றிங்கார்ட்டின் நன்றிப் பாடல் என்னுங் கதை பரவலாக வழங்குகின்றது. அது பொருந்தாது; யொகான் குரூகர் 1647இலேயே அதனை அச்சேற்றிவிட்டார். சீராக் நூலின் 50ஆம் அதிகாரத்தைத் தழுவிய அப்பாடல், இல்லத்தாரின் உணவுவேளை மன்றாட்டாகவே இயற்றப்பெற்றதென்பர். நாடோறும் அப்பத்தின் முன் பயிலப்படும் ஒழுக்கமாகவே நன்றியை அவர் கருதினார் போலும்.

றிங்கார்ட் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள ஐலன்பேர்க் நகரின் லூதரன் போதகர். போருக்கஞ்சிய அகதிகள் அந்நகர மதிலுக்குள் நெருங்கியிருக்க, 1637இற் கொள்ளைநோய் மூண்டது. ஏனைய போதகர் மாண்டும் அகன்றும் போயினர். ஏறத்தாழ 4,000 பேரை அவரே அடக்கஞ் செய்தார். அவ்வாண்டில் அவர்தம் மனைவியும் இறந்தார்.

பாடல் துன்பத்தை மறைக்கவுமில்லை; அதனின்று விடுவிக்குமாறு இரண்டாஞ் செய்யுள் வேண்டுகின்றது. அது அச்சேறிய நாளிலும் போர் ஓய்ந்திருக்கவில்லை.