ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பணியேற்றிருந்த காலம். ஆங்கிலப் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணாக்கன் ஒருவன் தன் தாத்தாவைப் பற்றி எட்டு வரிகள் எழுதிக் கொணர்ந்தான். தலைப்பில் 'ஹிஸ்டரி' என்னும் சொல்லை அமைத்திருந்தான். அதனைச் சிவப்பு மையால் அடித்து, 'ஸ்டோரி' என்று திருத்தினேன்.

"ஏன் ஐயா?" என்று வினவினான்.

"ஹிஸ்டரி என்றால் உண்மையில் நடந்தது, ஸ்டோரி என்றால் கதை" என்றேன்.

"தாத்தா சயாமுக்குப் போனது உண்மையில் நடந்ததுதானே, ஐயா?"

அவ்வினாவிற்கு அன்று என்னிடம் விடையில்லை. காலங்கடந்தேனும் அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹிஸ்டரி, ஸ்டோரி என்னும் இரண்டு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்க மொழியில் 'ஹிஸ்டோரியா' என்றொரு சொல் உண்டு. அதற்குக் கதை என்பதும் பொருளன்று. கடந்த காலம் என்பதும் பொருளன்று. கேட்டும் கண்டும் ஆராய்ந்தறிதல் என்பதே அதன் முதற்பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே, இது தம் ஆராய்ச்சியின் வெளிப்பாடு என்று கூற இச்சொல்லை ஆண்டார். பின்னாளில்தான் அஃது ஆராய்ந்து கண்ட செய்தியையும், அச்செய்தியைக் கூறும் நூலையும் குறிக்கலாயிற்று.

பழம்பொருளின் சுவடு இன்றும் மறையவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி விலங்கு, செடிகொடி, கனிமம் முதலியவற்றைப் பற்றி 37 தொகுதிகளாக எழுதிய நூலின் பெயரில் இச்சொல் உண்டு. 1881இல் இலண்டனில் தம் சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பெற்ற உயிரியற் காட்சியகத்தின் பெயரிலும் ஹிஸ்டரி உண்டு. அங்கே அச்சொல்லுக்கு ஆராய்ச்சி என்று பொருள் கொண்டாலன்றிப் பெயர் விளங்காது.

கிரேக்கச் சொல் இலத்தீனுக்குச் சென்றது. அங்கிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்தம் பிரெஞ்சு, அரசவை மொழியாயிற்று. அதன் வழியே 13ஆம் நூற்றாண்டளவில் தலையெழுத்துத் தேய்ந்து 'ஸ்டோரி' ஆங்கிலத்திற் புகுந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கற்றோர் வாயிலாக அதே சொல் முழுவடிவில் 'ஹிஸ்டரி' என மீண்டும் வந்தது. முன்னது மக்கள் நாவில் தேய்ந்தது. பின்னது ஏட்டின் துணையால் தேயாதிருந்தது.

நெடுங்காலம் இரண்டும் ஒரே பொருளில் வழங்கின. 1623இல் சேக்சுபியரின் நாடகங்களைத் தொகுத்தோர், ஆங்கில மன்னர் பெயர் தாங்கிய பத்து நாடகங்களை 'ஹிஸ்டரி' என வகைப்படுத்தினர். 1749இல் ஹென்றி பீல்டிங், தாம் கற்பனையாய்ப் படைத்த டாம் ஜோன்ஸ் என்பானின் புதினத்திற்கும் அச்சொல்லையே தலைப்பில் இட்டார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் 'ஸ்டோரி' என்பதற்கு நடந்த நிகழ்ச்சிகளை உரைத்தல் என்னும் பொருளும் உண்டு. அற்பப் புனைவு என்னும் பொருளும் உண்டு. காலப்போக்கில் ஒன்று அரியணை ஏறிற்று. மற்றொன்று திண்ணையில் அமர்ந்தது. பிள்ளைகள் பொய் சொன்னால், 'ஸ்டோரி சொல்லாதே' என ஆங்கிலத் தாய் கண்டிக்கும் அளவிற்கு அதன் மதிப்புத் தாழ்ந்தது. பிரெஞ்சு மொழியிலோ இன்றும் இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

சொல்லின் தலையெழுத்து மொழிக்கு மொழி மாறும். நடத்தையைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்த சொல் தமிழிற் 'சரித்திரம்' ஆகி உயர்ந்தது. மலாயில் 'செரித்தா' என்று கதையைக் குறிக்கலாயிற்று. வந்த வழி என விரியும் நம் 'வரலாறு' என்னும் சொல்லோ, வழி நடந்தவர் யாவரென்று வேறுபாடு காட்டுவதில்லை.

இனி, அம்மாணாக்கனின் தாத்தாவிடம் வருவோம். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த இரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கு உழைத்தனர். ஆசியத் தொழிலாளர் அவர்களினும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிச் சென்றன.

போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவுகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. அவர்களிடையே மருத்துவர் இருந்தனர். மறைவாக நாட்குறிப்பு எழுதியோரும் ஓவியம் தீட்டியோரும் இருந்தனர். காஞ்சனாபுரியிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்குற அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நம்மவருக்கோ பட்டியலில்லை, எழுதத் தெரிந்தோர் சிலரே. எனவே முன்னவர் பட்ட துன்பம் ஹிஸ்டரி ஆயிற்று. பின்னவர் பட்ட துன்பம் லயத்து வாசலில் ஸ்டோரியாக நின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1952இல் பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு புதினம் எழுதினார். 1957இல் அது இலங்கையில் படமாக்கப்பட்டு, ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அது கற்பனை, அதன் நடுநாயகர் பிரிட்டிஷ் கைதிகள். ஆயினும் உலகிற் பலர் அதனையே நடந்த வரலாறாகக் கருதினர். கதை வரலாறாயிற்று, வரலாறு கதையாயிற்று!

ஆகவே, நடந்ததா இல்லையா என்பது மட்டுமே இவ்விரு சொற்களையும் பிரிக்கவில்லை. ஆராய்ந்து பதிந்தோமா என்பதே அவற்றைப் பிரிக்கிறது. தாத்தா கூறுவது அனைத்தும் அப்படியே வரலாறாகிவிடாது. முதியோர் நினைவும் பிறழக்கூடும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, உடன் சென்றோர் யார், திரும்பியோர் யார் என்று கேட்டல் வேண்டும். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், கிடைக்கும் ஆவணங்களோடும் ஒப்பிடல் வேண்டும். ஹெரோடோட்டஸ் தம் நூலுக்கு இட்ட சொல்லின் பொருள் இதுவே. இவ்வாறு ஆராயப்பெற்ற கதை, தான் இழந்த தலையெழுத்தை மீண்டும் பெறுகிறது.

சயாமிலிருந்து மீண்டோருட் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதுமையெய்திவிட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிந்தபோது, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்ட அவ்வாசற்படிகளும் மறைந்தன. ஆசிரியப் பெருமக்கள் இதனை உளங்கொண்டு, ஒவ்வொரு மாணாக்கனையும் ஒரு குறிப்பேட்டோடு தன் வீட்டு முதியோரிடம் அனுப்புதல் நலம்.

அன்று அம்மாணாக்கன் எழுதிய எட்டு வரிகளில் தோட்டத்தின் பெயர் இருந்தது. தாத்தாவோடு சென்று திரும்பாத தம்பியின் பெயரும் இருந்தது. வரலாற்றிற்குரிய தொடக்கம் அதில் இருந்தது. அந்த ஏடு இன்று என் கைக்குக் கிடைக்குமாயின், நான் முதலில் அடிப்பது என் சிவப்பு மைத் திருத்தத்தையே.