டார்ச் லைட் ஃபோனும் இரண்டாயிரம் கோடியும்

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, சாஃப்ட்வேரா ஹார்ட்வேரா?" சாஃப்ட்வேர் என்றால் முகம் மலரும். ஹார்ட்வேர் என்றால் "அப்படியா" என்று சாம்பாருக்குத் திரும்பிவிடுவார். அவர் மனதில் சாஃப்ட்வேர் என்பது ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடம், ஏசி, ஆன்சைட். ஹார்ட்வேர் என்பது ரிச்சி தெருவில் மதர்போர்டு மாற்றித் தருகிற ஆள். மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நானும் என் செட்டும் கல்லூரி முடித்து வெளியே வந்தபோது எங்கள் தலைக்குள் இருந்த வரைபடமும் ஏறக்குறைய அதுதான்.

அந்த வரைபடத்தில் வல்லக்கோட்டை கிடையாது. ஏழடி உயர முருகனுக்காகவும் திருப்புகழில் பாடப்பட்ட தலம் என்பதற்காகவும்தான் அந்த ஊரின் பெயர் வெளியே தெரியும். கிருத்திகை அன்று கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் அந்த வழியாகப் போனால் கண்ணில் படுவது கம்பெனி பஸ்கள். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம், நடுவில் வல்லம் வடகால் சிப்காட். கார், மோட்டார் பைக், டயர், ஃபோன் எல்லாம் இந்தச் சின்னச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான் லாரி ஏறுகின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ் ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்களை யாரும் "ஐடில வேலை பார்க்கிற பொண்ணுங்க" என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் சட்டைப்பையில் இருக்கிற கணினியைக் கையால் தொட்டுச் செய்கிறவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு ஃபோன் வந்த கதை 2005ல் தொடங்குகிறது. அதற்கு முன்பே, 1998ல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவைச் செய்ய ஆரம்பித்திருந்தது. ஆகவே தொழிற்சாலை என்பது இங்கே புதிதில்லை. 2005ல் ஜெயலலிதா அரசு நோக்கியாவோடு ஒப்பந்தம் போட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து ஃபோன்கள் வெளியே வர ஆரம்பித்தன. ஒரு கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பான்மை பெண்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். சுற்றிலும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப் என்று உதிரி செய்கிற கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. ஒருவர் சார்ஜர், ஒருவர் மேலுறை, இன்னொருவர் வேறு ஏதோ. எல்லாம் கடைசியில் நோக்கியா லைனில் வந்து சேரும்.

அன்றைய நோக்கியாவை இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. 2003ல் வந்த 1100 மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் ஒரு டார்ச் லைட், தூசி புகாத கீபேட், கையிலிருந்து நழுவாத பின்பக்கம். கரண்ட் போகிற ஊர்களை மனதில் வைத்து யோசித்த பொருள். அது ஸ்மார்ட் ஃபோனும் இல்லை, கேமராவும் இல்லை, ஆனால் அதற்குள்ளும் மென்பொருள் இருந்தது. பாம்பு விளையாட்டும் அலாரமும் எஸ்எம்எஸ் பெட்டியும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? இந்த மென்பொருள் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இங்கேதான் திரும்பப்போகிறது.

லைனில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெறும் போர்டில் இயந்திரம் அரிசிக் குருணையைவிடச் சின்ன உதிரிகளை ஒட்டும், உலைக்குள் ஈயப் பூச்சு உருகி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சோதனை. பிறகு போர்டுக்குள் மென்பொருளை ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு திரை, கீபேட், மேலுறை, ஐஎம்இஐ ஸ்டிக்கர், பெட்டி. மென்பொருள் ஏற்றும் இடத்தில் நின்று பார்த்தால் அதுவும் ஒரு திருகாணி முடுக்குவது மாதிரிதான் தெரியும். போர்டை வை, காத்திரு, பச்சை விளக்கு எரிந்தால் எடு, அடுத்ததை வை. ஃபின்லாந்தில் எழுதிய ஒரே பிரதி இங்கே கோடிக்கணக்கான ஃபோன்களுக்குள் போனது. அந்தப் பிரதிக்காக இந்திய நோக்கியா ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியது.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை அதிகாரிகள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கேள்வி எளிமையானது. ஃபின்லாந்துக்கு அனுப்பிய அந்தப் பணம் என்ன? பொருளுக்குக் கொடுத்த விலையா, உரிமத்தொகையா? விலை என்றால் பேச்சு முடிந்தது. உரிமத்தொகை என்றால் அனுப்பும்போதே இங்கே வரி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லையே, அப்போ கட்டு. 2006இலிருந்து கணக்குப் போட்டு மார்ச்சில் வந்த தொகை சுமார் 2,080 கோடி ரூபாய்.

மென்பொருள் எழுதுகிற ஆளாக இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன், மன்னிக்கவும். நாங்கள் செய்கிற பொருள் என்ன ஜாதி என்பதை இந்தியச் சட்டம் ரொம்ப நாளாகத் தீர்மானிக்க முடியாமல்தான் இருந்தது. 2004ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் ஆந்திர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கடையில் டிஸ்க்கில் வாங்குகிற தயார் மென்பொருள் ஒரு 'சரக்கு' என்றது. அரிசி, சோப்பு மாதிரி. விற்பனை வரி போடலாம். ஆனால் வருமான வரித்துறைக்கு அது சோப்பாகத் தெரியவில்லை, புத்தகத்தின் பதிப்புரிமை மாதிரித் தெரிந்தது. நீதிமன்றங்களிலும் இரண்டு விதமாகவும் தீர்ப்புகள் வந்தன. 2012ல் பிரணாப் முகர்ஜி நிதியமைச்சராக இருந்தபோது சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுக்கும் பணமும் உரிமத்தொகைதான், எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று. எப்போதிலிருந்து? 1976 ஜூன் 1 முதல். வோடஃபோன் விவகாரத்தால் ஊரெல்லாம் பேசிய பின்தேதி வரிக்குப் பக்கத்திலேயே இதுவும் இருந்தது. 1976ல் இந்தியாவில் எத்தனை பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூருக்குள் அதிகாரிகள் போனபோது அந்தத் திருத்தத்துக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

நோக்கியா பக்கம்தான் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பிரதியை வாங்கிக் கோடி முறை நகலெடுத்தால் அதை வெறும் சரக்கு என்று சொல்ல முடியுமா என்பது நல்ல கேள்வி. போர்டும் பேட்டரியும் போல ஃபோனின் ஒரு பாகமாகத்தானே அது போகிறது, தனியாக யாருக்கும் விற்கவில்லையே என்பதும் நல்ல கேள்விதான். என் எரிச்சல் வேறு. இந்தக் கேள்வியை 2006ல், லைன் ஓடத் தொடங்கிய அன்று, கேட்டிருக்க வேண்டும். முதலீடு வர வேண்டும் என்ற அவசரத்தில் கேட்காமல் விட்டுவிட்டு ஏழு வருடக் கணக்கை ஒரே நாளில் நீட்டினால், அந்த மசோதாவிலும் பேரத்திலும் இடமே இல்லாத ஒருத்தி தலையில் அது விழும். மாநில அரசும் தன் பங்குக்கு வந்தது. ஏற்றுமதி என்று சொன்ன ஃபோன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்று சொல்லி 2014 மார்ச்சில் சுமார் 2,400 கோடி ரூபாய் வரி கேட்டது. நோக்கியா மறுத்து நீதிமன்றம் போனது.

இதற்கிடையில் ஃபின்லாந்தில் வேறு விஷயம் முடிந்திருந்தது. ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் நோக்கியாவை நசுக்கியதில் 2013 செப்டம்பரில் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் அந்த மூட்டையில் இருந்தது. ஆனால் வரி பாக்கி நிற்கும்போது சொத்தை எப்படிக் கைமாற்றுவது? 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்தால் மாற்றலாம் என்ற நிலையில் 2014 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம் வந்து நின்றது. நோக்கியா கொடுக்கவில்லை. ஏப்ரல் 25 அன்று உலகின் மற்ற நோக்கியா ஆலைகளில் பல மைக்ரோசாஃப்ட் ஆகின. ஸ்ரீபெரும்புதூர் மட்டும் யாருடையது என்று தெரியாமல் வெளியே நின்றது. ஒப்பந்த அடிப்படையில் மைக்ரோசாஃப்டுக்கு ஃபோன் செய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

வரிதான் ஆலையை மூடியது என்று ஒரு கட்சி இன்றும் பேசும். முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது, அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். சாதாரண பட்டன் ஃபோன்களைக் கைவிடுவதாகவும் முடிவெடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் பிழைத்ததே அந்த ஃபோன்களால்தான். மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயிருந்தாலும் கத்தி விழுந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்ன, கைக்குப் போயிருந்தால் இன்னொருவர் வாங்கவோ வேறு ஃபோன் செய்யவோ கதவு திறந்திருக்கும். வழக்கில் மாட்டிய கட்டடத்தை யார் தொடுவார்?

வசந்த காலத்தில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 'விருப்ப' என்ற சொல்லை இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் நீட்டுகிற தைரியம் நிர்வாகங்களுக்கு மட்டுமே உண்டு. சுமார் 6,600 பேரில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மீதிப் பேர் தொழிற்சங்கத்தோடு போராடிப் பார்த்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அதில் படர்ந்த கொடியும் சாயும், அதுபோலத்தான்.

இன்றைக்கு நோக்கியா காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்று: 2009, 2010ல் அதே ஆலையில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 ஜூலையில் ஃபாக்ஸ்கானில் வாயுக் கசிவு என்று நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் நோக்கியா ஆலையில் இயந்திரத்துக்குள் சிக்கி ஒரு இளம் பெண் இறந்தார். ஓஎம்ஆரில் நாங்கள் அப்போது புதிய நோக்கியா மாடல்களின் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். ஐம்பது கிலோமீட்டர் தூரம் இருக்குமா? செய்தி எங்கள் மேஜைக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் அது 'நம்ம இண்டஸ்ட்ரி' செய்தியாகத் தெரிந்திருக்காது.

பிறகு ஃபோன் திரும்பி வந்தது. ஃபாக்ஸ்கான் இந்தப் பகுதியில் 2019 வாக்கில் ஐஃபோன் செய்ய ஆரம்பித்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர, மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தரையில் படுத்தும், தண்ணீர் இல்லாமலும் இருந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், ஒவ்வொன்றும் பத்து மாடி, மொத்தம் பதின்மூன்று கட்டடம். சாலையில் உட்கார்ந்தவர்களுக்கும் அந்தப் பத்து மாடிக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அடுத்த மாதமே பக்கத்தில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம். கேட்டது முக்கியமாக ஒன்று: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை போகும்போதும் தனித்தனியாக லிங்க்ட்இன்னில் நன்றி அறிவிக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோரிக்கை வேற்றுக்கிரகத்துச் செய்தியாகவே இருந்தது. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அந்த இரண்டாயிரம் கோடி என்ன ஆனது? இந்தியாவும் ஃபின்லாந்தும் உட்கார்ந்து பேசி, 2018ல் நோக்கியா சுமார் 20 கோடி யூரோ கட்டுவதாக விவகாரம் தீர்ந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்து, 2021 மார்ச் 2 அன்று, உச்ச நீதிமன்றம் பல மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்து ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டுக் கம்பெனியிடம் மென்பொருள் வாங்கக் கொடுக்கும் பணம் உரிமத்தொகை ஆகாது, வரி பிடிக்க வேண்டியதில்லை என்று. நீதிபதிகள் அந்த வழக்குகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்காவது வகை, வன்பொருளுக்குள் பதித்து ஒரே பொருளாக வெளிநாட்டிலிருந்து விற்கப்படும் மென்பொருள். நோக்கியா மென்பொருளைப் பதித்தது இங்கே, இந்த ஊர்ப் பெண்களின் கையால். அதே தீர்ப்பு அதற்கும் பொருந்தியிருக்குமா என்று வரி வழக்கறிஞர்கள் இனி சாவகாசமாக வாதாடிக்கொள்ளலாம்.

ஆலைக் கட்டடத்தை 2019 நவம்பரில் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. முன்பு நோக்கியாவுக்கு அதே வளாகத்தில் சார்ஜர் செய்து கொடுத்த அதே சால்காம்ப். இப்போது ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்கிறது. ஆள் எடுக்கிறார்கள்.