பூட்டுச் செய்வோரும் லினக்ஸ் பயனரும்



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஜார்ஜ் டவுனில் என் வீட்டிலுள்ள பழைய கணினியில் லினக்ஸை நிறுவினேன். மாணவர் மதிப்பெண்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் அதில் உள்ளன. அவற்றைக் காக்கும் மென்பொருளைத் தேடியபோது ஒரு நெடிய காத்திருப்பின் வரலாறு புலப்பட்டது.

லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸின் மூலநிரலை எவரும் படித்துச் சரிபார்க்கலாம். தனியுரிமையைப் பெரிதெனக் கருதுவோர் பலர் அதனை நாடுவது இதனாலேயே. மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது.

ஆயினும், தனியுரிமையைக் காக்கும் நிறுவனங்களே இவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தியதுண்டு. மறையாக்க மின்னஞ்சலைக் கணினியின் அஞ்சல் செயலியோடு இணைக்கும் புரோட்டான் நிறுவனத்தின் 'பிரிட்ஜ்', விண்டோஸுக்கும் மேக்குக்கும் 2017இல் வந்தது. லினக்ஸுக்கு முறையாக வெளியானது 2020இல்தான். அந்நிறுவனத்தின் கோப்புச் சேமிப்புச் செயலி 2023இல் அவ்விரண்டுக்கும் வந்தபோதும் லினக்ஸ் விடுபட்டது.

பயனர் குறைவு, லினக்ஸ் வகைகளோ பல என்பது நிறுவனங்களின் இடர்ப்பாடு. அது பொய்யன்று. எனினும் சிக்னல் 2017இல் தன் தனித்த கணினிச் செயலியை டெபியன் வழி லினக்ஸுக்கும் சேர்த்தே தந்தது. மனமிருந்தால் இயலும்.

தமிழும் இவ்வாறு காத்திருந்த மொழியே. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸின் கேடிஇ திரைமுகப்பைத் தமிழாக்கியோர் தன்னார்வலர்கள். அவர்கள் கேட்டதோடு நில்லாது செய்தும் காட்டினர்.

புதுக் கணினி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையின் விவரங்களுக்கும் அதே பூட்டு வேண்டும். ஆகவே, கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.