லயத்துப் பிள்ளைகளும் காமன் கதையும்

ஊவாவின் மலைத் தோட்டங்களிலே எழுத்தறிவிக்கும் பள்ளிகள் காலந்தாழ்த்தியே வந்தன. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத்துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் பின்னரும் பல தோட்டங்களிலே பள்ளி என்பது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே இருந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். அங்ஙனமாயின், அதுவரை எமது பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் ஊட்டியவர் யாவர்? பாட்டிமாரும் கூத்துக் கலைஞருமே என்று நாம் துணிந்து கூறுவோம்.

விடியுமுன் பிரட்டுத் தப்பு ஒலித்ததும், தாய் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறி விடுவாள். மாலைவரை பிள்ளைக்குத் துணை, கொழுந்தெடுக்க உடல் தளர்ந்த ஒரு கிழவியே. பசியும் காய்ச்சலும் சாவும் லயத்திலே மறைக்கக் கூடியவை அல்ல. ஒரு காம்பராவின் அழுகை அடுத்த காம்பராவிலே கேட்கும். ஆகவே பாட்டிமார் துன்பத்தை மறைத்துக் கதை சொல்லவில்லை.

மாசி மாதத்து மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமி இரவிலே, சிவபிரானின் நெற்றிக்கண் திறக்க, பிள்ளைகளின் கண்ணெதிரே காமன் எரிவான். ரதியின் ஒப்பாரி நெடுநேரம் நீளும். முன்வரிசையிலிருக்கும் குழந்தைகள் தேம்பியழுவர். எவரும் அவர்களை வீட்டுக்கு அழைத்துச் செல்வதில்லை. பின்னர் ரதி வேண்ட, காமன் உயிர் பெறுவான். ஆயினும் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது புராணம். “எனக்கு ஏன் பாட்டி தெரியவில்லை?” என்று எம்மிற் பலர் சிறு வயதிலே கேட்டிருக்கிறோம். தகப்பனை இழந்த பிள்ளைக்கு அக்கேள்வியின் பொருள் வேறு. போனவர் முன்போல் திரும்பமாட்டார், ஆனால் முற்றாக இல்லாமலும் போகமாட்டார் என்பதை இதனினும் எளிதாக ஒரு குழந்தைக்குச் சொல்ல நாம் அறியோம்.

அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வழியினவே. மாண்ட தமையன்மாரைத் தேடிச் செல்லும் தங்காளின் கதையைப் பெண்பிள்ளைகள் விரும்பிக் கேட்பர்.

இவற்றோடு குடும்பக் கதையும் உண்டு. மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தது, வழியிலே மாண்டவரை விட்டுவந்தது, மீண்டும் ஊவாவுக்கு மலையேறியது ஆகியவை வாய்வழியே வந்தன. (பதுளைக்கு ரயில் வந்தது 1924இலேதான்.) குடும்பத்தின் ஏற்றத் தாழ்வுகளை நன்கறிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை மிகுந்திருப்பதை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து மார்ஷல் டியூக்கும் ரொபின் பிவுஷும் 2001 அளவிலே ஆராய்ந்து கண்டனர். எமது பாட்டிமார் பல்கலைக்கழகத்தைக் கண்டவரல்லர்!

இச்சங்கிலி அறுந்தது 1964க்குப் பின்னரே. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு 1974வரை காத்திருந்தது. தலைகளை எண்ணியவர்கள், கதை சொல்பவளையும் கேட்பவனையும் ஒன்றாக எண்ணவில்லை. பாட்டி ஒரு நாட்டிலும் பேரன் மறு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னார்க் கப்பலிலே போனவற்றுள் கணக்கிலே வராதது இதுவே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பியபோது வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. அவர்களுக்கு உடையும் புத்தகமும் பலர் கொண்டு சென்றனர். அவை வேண்டியவையே. ஆயினும், இரவிலே அருகிருந்து கதை சொல்லும் ஒரு முதியவளும் அவர்களுக்கு வேண்டும்.

சில தோட்டங்களிலே மாசியிற் காமன் இன்றும் எரிகிறான். பிள்ளைகள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். உறக்கம் கண்ணைச் சுழற்றினாலும், ரதி அழுது முடியும்வரை எழுந்து போவதில்லை.