எச்.டி.-2: ஒரு பயிற்சி விமானத்தின் கதை

போர் விமானங்களின் பெயர்களை நம் மாணவர்கள் வரிசையாகச் சொல்லுவார்கள். அவற்றை ஓட்டியவர்கள் முதன்முதலில் எதில் ஏறிப் பழகினார்கள் என்று கேட்டால், வகுப்பு மௌனமாகிவிடும். பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளில் பௌதிகம் கற்பித்த காலத்தில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாடு விடுதலை பெற்றபோது நம் விமானப் படை மாணவர்கள் டைகர் மாத் என்னும் ஆங்கிலேய விமானத்தில் பயின்றார்கள். அதற்கு இரட்டை அடுக்கு இறக்கைகள். மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. அது பழையதானால் வேறொன்றை விலைக்கு வாங்கியிருக்கலாம். பெங்களூரில் 1940-இல் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் தோன்றிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் பிறர் வரைந்த விமானங்களைப் பூட்டியும் பழுது பார்த்தும் வந்தது. நாமே ஒன்றை வரைந்தால் என்ன என்னும் எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

அந்தப் பணியை ஏற்றவர் டாக்டர் வி. எம். காட்கே. ஜெர்மனியில் பேராசிரியர் பிராண்டலிடம் பயின்றவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானவியல் போதித்தவர். கரும்பலகையை விட்டு ஒருவர் தொழிற்கூடத்துக்குப் போனார் என்பதில் ஆசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அவர் குழுவினர் உருவாக்கிய எச்.டி.-2, 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. முழுவதும் உலோகம், தாழ அமைந்த ஒற்றை இறக்கை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். முதல் மாதிரியின் எஞ்சின் 145 குதிரைத் திறன் உடையது. அடுத்ததில் 155 ஆயிற்று.

பயிற்சி விமானம் சிறியது. ஆகவே அதை வரைவது எளிது என்று எண்ணலாகாது. மாணவனின் பிழையை அது பொறுக்க வேண்டும். மிகவும் பொறுத்துவிட்டாலோ அவன் ஒன்றும் கற்கமாட்டான்! எச்.டி.-2-க்கு முன்னே இரண்டு சக்கரங்கள், வாலடியில் ஒரு சிறு சக்கரம். விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைப் பிடித்து வண்டியைப் பின்னோக்கித் தள்ளியவர்களுக்கு இதன் விளைவு தெரியும். சிறிது கோணினாலும் கோணல் வளர்ந்துகொண்டே போகும். அதுபோலவே, தரையில் இறங்கி ஓடும்போது மாணவன் கால்மிதியால் சுக்கானை ஓயாமல் திருத்த வேண்டும். இதைக் குறை என்று சிலர் சொல்லலாம். கண்டிப்பான ஆசிரியரின் குணம் என்பேன் நான்.

விமானப் படையிலும் பறக்கும் கழகங்களிலும் அது பல்லாண்டு உழைத்தது. மொத்தம் 160-க்கு மேல் கட்டினார்கள். விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த கானா நாட்டின் புதிய விமானப் படைக்கு 1959-இல் 12 விமானங்கள் போயின. அதே தொழிற்சாலையிலிருந்து 1958-இல் புஷ்பக்கும், 1964-இல் கிரண் என்னும் ஜெட் பயிற்சி விமானமும் எழுந்தன. எச்.டி.-2-இல் பழகியவர்கள் விமானிகள் மட்டும் அல்லர்; வரைவாளர்களும் அதில்தான் பழகினார்கள்.

பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் பின்னர் ஹன்ஸா என்னும் இருவர் விமானத்தை உருவாக்கியது. இதில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். உடல் உலோகமன்று, இழைகளும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். இதன் புதிய வடிவம் 2021 செப்டம்பர் 3-ஆம் நாள் பறந்தது. பெங்களூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கடல்மட்டத்துக் காற்றில் எஞ்சினும் இறக்கையும் எவ்வாறு இயங்கும் என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். அதற்காக 2022 பிப்ரவரியில் அந்தச் சிறு விமானம் ஒன்றரை மணி நேரம் பறந்து நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிக்கு வந்து இறங்கியது.