குடிமகனும் முள்தாடியும்: மதுராந்தகம் வட்டாரத்தை முன்வைத்துச் சவரத்தின் சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தாடியை வளர்ப்பதும் மழிப்பதும் இளைஞரின் தனிவிருப்பம் என்று இன்று கருதப்படுகிறது. இவ்விருப்பம் அண்மைக்காலத்தில் உருவான ஒன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஊர்ப்பொதுவில் தானியப் பங்கு பெற்றுச் சவரப் பணி செய்த நாவிதர், காசு வாங்கும் முடிதிருத்தகம், வீட்டில் தானே பயன்படுத்தும் பிளேடு என்னும் மூன்று நிலைகளைச் செங்கல்பட்டுப் பகுதியின் ஆவணங்களோடும் சட்ட வரலாற்றோடும் பொருத்திப் பார்க்கையில், மழிக்காத முகத்தின் பொருள் ஒவ்வொரு நிலையிலும் மாறியிருப்பது புலனாகிறது. கத்தி யார் கையில் இருந்தது, அந்தக் கை யாருக்கு மறுக்கப்பட்டது என்பவையே அம்மாற்றத்தைத் தீர்மானித்தன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சவரம், நாவிதர், மேரை, முடிதிருத்தகம், தீண்டாமை, செங்கல்பட்டு, ஆண்மை

1. முன்னுரை

2009ஆம் ஆண்டு ஜில்லட் நிறுவனம் இந்தியாவில் விளம்பர இயக்கம் ஒன்றை நடத்தியது. ‘சோம்பல் தாடிக்கு எதிரான பெண்கள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்வியக்கம், மழிக்காத முகத்தை இளைஞரின் சோம்பலாகவும் பெண்கள் விரும்பாத தோற்றமாகவும் சித்திரித்தது. இதே காலப்பகுதியில் தமிழ்த் திரையில் வேறொரு போக்கு வலுப்பெற்றது. ‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்பிரமணியபுரம்’ (2008) ஆகிய படங்களின் நாயகர்கள் தாடியோடு தோன்றினர். அங்கே தாடி மண்சார்ந்த ஆண்மையின் அடையாளமாயிற்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு பார்வைகளுக்கும் பொதுவான முற்கோள் ஒன்று உண்டு: மழிப்பதா வேண்டாவா என்பதை இளைஞன் தானே முடிவு செய்கிறான், கத்தி அவன் கையிலேயே இருக்கிறது.

கத்தி எப்போது அவன் கைக்கு வந்தது? அதற்கு முன் யார் கையில் இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேட மதுராந்தகம் வட்டாரம் ஏற்ற களமாகும். ஆங்கிலேயக் கும்பினியின் ஜாகீராக விளங்கிய செங்கல்பட்டுப் பகுதிக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஊர்வாரியான ஆவணங்கள் உள்ளன. தீண்டாமை எதிர்ப்பின் முன்னோடிகளுள் ஒருவரான இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளமும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. மழித்துச் சில நாளான முகத்தில் முளைத்து நிற்கும் குறுமயிரை இக்கட்டுரை ‘முள்தாடி’ எனக் குறிக்கிறது.

2. துறவியின் தாடியும் அரசனின் முகமும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவர் விலா எலும்பு தெரிய மெலிந்து, தாடியோடு காட்சி தருகிறார். அதே ஊரின் ஆதிவராகர் குடைவரையில் உள்ள பல்லவ அரச உருவங்களுக்குத் தாடி இல்லை. தாடி துறவுக்கும் மழித்த முகம் இல்வாழ்வின் செழிப்புக்கும் குறியாக அமைந்த காட்சிமரபை இவ்வேறுபாட்டில் காணலாம். பெரும்பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கும் பூனை, கோலம் பொய்யாகவும் இருக்கக்கூடும் என்ற எள்ளலையும் அம்மரபுக்குள் வைக்கிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறளும் (280) உலகம் பழிப்பதை விலக்கியவனுக்கு மயிர் தொடர்பான புறக்கோலம் எதுவும் தேவையில்லை என்றே கூறுகிறது.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் முள்தாடிக்குத் தனிப்பொருள் இருக்கவில்லை. அது ஓர் இடைக்கால நிலையாகவே கருதப்பட்டது. மனைவி கருவுற்றிருக்கையில் கணவன் மழிக்காதிருத்தல், இறப்புத் தீட்டு முடியும்வரை முகமயிரை விட்டுவைத்தல், சபரிமலை விரதத்தின்போது தாடி வளர்த்தல் போன்ற வழக்கங்களில் தாடிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கப்பட்டிருந்தன. கருமாதியன்று மழிப்பதோடு துக்கம் நிறைவுறுகிறது. நாவிதரின் கை படும் வரை ஆள் இயல்பு வாழ்வுக்குத் திரும்புவதில்லை. ஆகவே மழித்தல் அழகுக்கான செயலாக மட்டும் அமையவில்லை. ஒருவரை மீண்டும் சமூகத்தில் சேர்க்கும் சடங்காகவும் இருந்தது.

3. களத்துமேட்டில் அளக்கப்பட்ட கூலி

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளவிட்டார். ஊர்களின் நிலம், வீடு, தொழில்குடி ஆகியவற்றோடு, விளைச்சலைப் பங்கிடுமுன் ஊர்ப்பணியாளருக்கு ஒதுக்கப்பட்ட தானியத்தின் விவரமும் அக்கணக்குகளில் இடம்பெற்றது. தொடர்புடைய ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோரோடு நாவிதரும் பொதுவிளைச்சலில் பங்கு பெற்றனர். மேரை, சுதந்திரம் எனப் பெயர் பெற்ற இவ்வொதுக்கீட்டுக்கு மேல் சில பணிகளுக்கு மானிய நிலமும் இருந்தது. மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயில் கதையோடு பெயர் இணைந்துவிட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் 1790களில் இப்பகுதியின் மிராசு உரிமைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கையும் இவ்வூரமைப்பை அறியத் துணைபுரிகிறது.

இக்கணக்குகளிலிருந்து முதன்மையான செய்தியொன்றைப் பெறலாம். நாவிதருக்கு ஒரு முகத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கப்படவில்லை. அவருக்குக் கூலி கொடுத்தது ஊர். அவர் கடமைப்பட்டதும் ஊருக்கே. எந்த வீட்டுக்கு, எந்த நாளில், எந்தத் திண்ணையில் அமர்ந்து சவரம் செய்வது என்பவற்றை வழக்கமும் நாள்கோளும் தீர்மானித்தன. செவ்வாய்க்கிழமை சவரம் ஆகாது என்னும் பழைய விலக்கு இன்றும் முடிதிருத்தகங்களின் வார விடுமுறையாக எஞ்சியுள்ளது. இத்தகைய ஏற்பாட்டில் ஓர் இளைஞன் தன் முகத்தைத் தான் நினைத்த நாளில் நினைத்தவாறு திருத்திக்கொள்ள இயலாது. நாவிதர் வரும் முறைநாள்களுக்கு இடையே எல்லார் முகத்திலும் முள்தாடி முளைத்திருக்கும். எல்லார்க்கும் பொதுவான ஒன்று எவர்க்கும் அடையாளமாவதில்லை.

நாவிதரின் பணி சவரத்தோடு நிற்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூல், இச்சமூகத்து ஆண்கள் அறுவை மருத்துவமும் பெண்கள் பேறுகாலப் பணியும் செய்ததைப் பதிவு செய்கிறது. மருத்துவர் என்னும் இன்றைய சமூகப் பெயர் அவ்வறிவுமரபை உரிமை கோருகிறது. பிறப்பிலும் இறப்பிலும் நோயிலும் தேவைப்பட்ட இவர்களை ஊர் தாழ்த்தியே வைத்திருந்தது. தமிழ்ப் பேரகராதி ‘குடிமகன்’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்களுள் நாவிதர் என்பதும் ஒன்று. ஊர்க்குடிகளுக்குப் பணி செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் உட்பொருள். பிற்காலத்தில் குடியரசின் உரிமை பெற்ற உறுப்பினரைக் குறிக்க அதே சொல் வழங்கலாயிற்று. சவரத்தின் வரலாற்றை இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட வரலாறாகவும் வாசிக்க இயலும்.

4. ஊருக்கும் சேரிக்கும் நடுவே

நாவிதர் ஊருக்குக் கடமைப்பட்டவர் என்றால், ஊர் என்பதில் சேரி அடங்குமா? அடங்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலமின்மையையும் கடன் அடிமைத்தனத்தையும் விரிவாக எடுத்துரைத்தது. களத்தில் நெல்லை விளைவித்த இம்மக்களுக்கு, அந்நெல்லில் பங்கு பெற்ற நாவிதரின் கை மறுக்கப்பட்டது. சேரியில் தம்முள் ஒருவரே மற்றவர்க்குச் சவரம் செய்யும் நிலை இருந்தது. எனவே ஒரே முள்தாடி ஊர்த்தெருவில் முறைநாளுக்கான காத்திருப்பையும் சேரியில் மறுப்பையும் குறித்தது.

இவ்விடத்தில் நாவிதரின் நிலையையும் நேர்மையாக நோக்க வேண்டும். மறுத்த கை அவருடையது. மறுக்கச் சொன்ன அதிகாரம் அவருடையது அன்று. சேரிக்காரருக்குச் சவரம் செய்த கத்தி ஊராருக்கு ஆகாது என்று நிலவுடைமையாளர் கூறினால், அவர் இழப்பது ஓராண்டுத் தானியப் பங்கு முழுவதையும் ஆகும். தானியக் கூலிமுறையே தீண்டாமையைக் காக்கும் கருவியாகவும் செயற்பட்டது. ஆதலால் அம்முறை தளராமல் இம்மறுப்பும் தளர வழியில்லை.

5. கடையும் சட்டமும்

நகரங்களிலும் இரயில் நிலையங்களை ஒட்டிய ஊர்களிலும் தோன்றிய ‘சலூன்’ இம்முறையை உடைத்தது. அங்கே நாவிதர் திண்ணை தேடிச் செல்வதில்லை. வாடிக்கையாளர் நாற்காலி தேடி வருகிறார். கூலி ஆளுக்கு ஆள் காசாகக் கிடைக்கிறது. நாளேடுகள் அங்கே உரக்க வாசிக்கப்பட்டன. திராவிட இயக்கக் காலத்தில் தேநீர்க் கடையைப் போலவே முடிதிருத்தகமும் அரசியல் பேசும் இடமாயிற்று. ஆனால் நாற்காலியில் யார் அமரலாம் என்ற வினா எஞ்சி நின்றது.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியவற்றில் ஒடுக்கப்பட்டோரின் உரிமையை வலியுறுத்தியது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் குடிமை இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இவ்வரிசையின் முடிவுக்கட்டம் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய மன்றத்தில் நிகழ்ந்தது. கடை என்னும் சொல்லில் சவரக்கடையும் சலவைக்கடையும் அடங்குமா என்ற ஐயத்திற்கு விடையளித்த அம்பேத்கர், நாடி வருவோர்க்குப் பணி வழங்க ஒருவர் ஆயத்தமாக உள்ள இடம் எதுவாயினும் அது கடையே எனப் பரந்த பொருளில் விளக்கினார். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடை என்பதற்கான வரையறையிலேயே முடிதிருத்தகத்தைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தை வகுத்தோர் சவர நாற்காலியைப் பற்றித் தனியே விவாதிக்க நேர்ந்தது என்பதே அம்மறுப்பின் பரப்பைக் காட்டும்.

சட்டத்தால் நடைமுறை முழுதும் மாறிவிடவில்லை. 11 மாநிலங்களின் 565 சிற்றூர்களில் ஆய்வு நிகழ்த்தி 2006இல் வெளிவந்த ஊரகத் தீண்டாமை பற்றிய நூல், நாவிதர் பணி மறுக்கப்படுவதையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது.

6. பிளேடு: கை மாறிய கத்தி

கிங் ஜில்லட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பாதுகாப்புச் சவரக்கருவி முதலாண்டில் 51 மட்டுமே விற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்க்காக 35 இலட்சம் கருவிகளை வாங்கியது. அதன்பின் தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் பெருகியது. இந்தியாவிலும் இறக்குமதிப் பிளேடும் பின்னர் உள்நாட்டுப் பிளேடும் பரவின. அலுவலகம், கல்லூரி, காவல்துறை, இராணுவம் ஆகியவை நாள்தோறும் மழித்த முகத்தை எதிர்பார்த்தன. முறைநாளுக்குக் காத்திருப்பவரால் அதை நிறைவேற்ற இயலாது. பிளேடு வைத்திருப்பவரால் இயலும். சவரக்கடையில் அவமதிக்கப்பட்ட குடும்பத்து இளைஞனுக்குப் பிளேடு இன்னொன்றையும் தந்தது. எவர் நாற்காலியின் முன்னும் காத்து நிற்காமல் மழித்த முகத்தோடு அவன் வெளியே செல்ல முடிந்தது.

பிளேடு கடைக்குள்ளும் நுழைந்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டபின், 1990களின் விழிப்புணர்வுப் பரப்புரை ஒவ்வொருவர்க்கும் புதுப் பிளேடு கேட்டுப் பெறுமாறு மக்களை அறிவுறுத்தியது. சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிய கத்தி விலகி, பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகும் முறை வழக்கமாயிற்று. ஒருவருக்குப் பயன்பட்ட கத்தி மற்றவர்க்கு ஆகாது என்ற சாதிவிலக்கின் இடத்தில், ஒருவருக்குப் பயன்பட்ட பிளேடு எவருக்குமே ஆகாது என்ற உடல்நல விதி வந்து அமர்ந்தது. வடிவில் ஒத்த இவ்விரு விதிகளும் விளைவில் நேர்மாறானவை. முன்னது சிலரை விலக்கியது; பின்னது எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

7. முள்தாடி பொருள் பெறுதல்

நாள்தோறும் மழிக்க இயலும் என்ற நிலை வந்த பின்னரே மழிக்காமை ஒரு செய்தியாயிற்று. திரைப்படத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். ‘தேவதாஸ்’ (1953) முதல் ‘வாழ்வே மாயம்’ (1982) வரை தாடி காதல் தோல்வியைச் சுட்டியது. இது துக்கத் தாடியின் தொடர்ச்சியே. ஆனால் முடிவுநாள் குறிக்கப்பட்ட சடங்கு இங்கே முடிவற்ற துயராக மாறியது. 2000க்குப் பின் அத்துயரும் கழன்றது. தாடி, தோற்றுப்போனவனின் முகமாக இல்லாமல் ஊர்ப்புற இளைஞனின் முகமாயிற்று.

இப்பின்னணியில் 2009ஆம் ஆண்டு விளம்பரத்தை மீண்டும் நோக்கலாம். அது முள்தாடிக்குச் சோம்பலைக் காரணமாக்கியது. ஆனால் இந்தியாவுக்கென முன்னர் உருவாக்கிய கருவியை அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவரிடம் சோதித்துத் தவறியிருந்த அதே நிறுவனம், சிற்றூர்களுக்கே ஆய்வாளரை அனுப்பியிருந்தது. குழாய் நீரின்றி ஒரு கிண்ணத் தண்ணீரோடு, தரையில் அமர்ந்து, மங்கிய ஒளியில் கைக்கண்ணாடியைப் பார்த்து மழிக்கும் ஆண்களை அவர்கள் கண்டனர். 15 ரூபாய்க் கருவியும் 5 ரூபாய் மாற்றுப் பிளேடும் 2010இல் சந்தைக்கு வந்தன. விளம்பரம் ஒழுக்கக் குறையாகக் காட்டியதன் பின்னே நீர், ஒளி, விலை ஆகிய பொருளியல் காரணங்கள் இருந்தமையை நிறுவனத்தின் சொந்த ஆய்வே உணர்த்திவிட்டது.

2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு இன்னொரு திருப்பமாகும். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மே 19 வரை முடிதிருத்தகங்கள் மூடிக் கிடந்தன. இளைஞர் பலர் டிரிம்மர் வாங்கினர். ஆயினும் கடைக்கான தேவை ஒழியவில்லை. முழுதாக மழிக்க ஒரு பிளேடு போதும். கன்னத்தில் கோடு வகுத்து, கழுத்தோரம் சீராக்கி, அளவு குன்றாமல் தாடியை நிறுத்தத் தேர்ந்த கை வேண்டும். முள்தாடியை விரும்பும் தலைமுறை, மழித்த முகத்தை விரும்பிய தலைமுறையைவிட நாவிதரின் கைத்திறனை மிகுதியாக நாடுகிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால், முள்தாடி பற்றிய இளைஞர் மனப்பான்மையை விருப்பம், சோம்பல், நாகரிகம் என்னும் சொற்களால் மட்டும் விளக்கவியலாது என்பது தெளிவாகிறது. தானியப் பங்கு முறையில் அது காத்திருப்பின் குறி. சேரியில் மறுப்பின் குறி. பிளேடு பரவிய பின்னரே அது விருப்பத்தின் குறி. ஊர்க்குடிமகன் கடை உரிமையாளராகவும், விலக்கப்பட்டவர் வாடிக்கையாளராகவும் மாறியதால்தான் அவ்விருப்பம் இயல்வதாயிற்று. இம்மாற்றம் ஊருக்கு ஊர் வேறுபட்ட வேகத்தில் நிகழ்ந்துள்ளது.

பர்னார்டின் கணக்கில் நாவிதரின் தானியம் உண்டு, குரல் இல்லை. சட்டமன்ற நடவடிக்கைகளில் மறுப்பு பற்றிய வாதம் உண்டு; மறுக்கப்பட்டவரின் அனுபவம் அரிதாகவே உண்டு. களத்தில் நெல் வாங்கிச் சவரம் செய்த முதியோரும், சலூன் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதை நினைவுகூரக்கூடிய முதியோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். மதுராந்தகம், செய்யூர், அச்சிறுபாக்கம் பகுதிகளில் இவ்விரு தரப்பாரின் வாய்மொழி வரலாற்றையும் சேர்த்துத் தொகுப்பது உடனடித் தேவை. ஒரு தரப்பை விடுத்து மற்றதை மட்டும் பதிவு செய்தால், மறுத்த கையும் மறுக்கப்பட்ட முகமும் ஒரே களத்துமேட்டுக் கணக்கில் கட்டுண்டிருந்தன என்னும் உண்மை விடுபட்டுப் போகும்.