பத்து வெள்ளியின் பொறுமை

பங்குச் சந்தை என்றதும், ‘அது கோலாலம்பூர் மாடிக் கட்டடங்களில் இருப்போரின் சங்கதி, தோட்டத்து மக்களாகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அது நூறாண்டுக்கும் மேற்பட்டது. நம் முன்னோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் காடழித்து நட்ட ரப்பர் மரங்களே லண்டன் சந்தையில் பங்குகளாக விலைபோயின. அந்த விலை விழுந்தபோதெல்லாம் நம் வீட்டு உலை அதை உணர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. மலாயாவில் தோட்டம் திறக்கிறோம் என்று கம்பெனிகள் அறிவித்ததுதான் தாமதம், அத்தோட்டம் எத்திசையில் உள்ளது என்றும் அறியாதவர்கள் முண்டியடித்துப் பங்கு வாங்கினர். கன்று நட்டால் பால் காண ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ரப்பர் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. உச்ச விலையில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர்.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ஒரு ராத்தலின் விலை 2 பென்ஸ் அளவுக்குச் சரிந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். பங்கு வாங்கியவர் பணத்தை இழந்தார். மரம் வெட்டியவரோ இருந்த இடத்தையே இழந்தார்.

1950ஆம் ஆண்டுகளில் வேறொரு சோதனை நேர்ந்தது. நாடு விடுதலையை நெருங்கிய வேளையில், ஐரோப்பிய உரிமையாளர் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவர்களில் சிலருக்கு மரத்தின்மேல் நாட்டமில்லை. தோட்டத்தை மொத்தமாக வாங்குவது, துண்டு துண்டாகப் பிரிப்பது, கைமாற்றி விரைவில் இலாபம் பார்ப்பது, இதுவே அவர்கள் முறை. இதனைத் தோட்டத் துண்டாடல் என்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. ஒருவரின் அவசர இலாபம் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டு பிறந்தது. நேயர்களே, அந்த ஆண்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். மலாயன் பங்குச் சந்தை அமைந்ததும் அவ்வாண்டே. துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கோலாலம்பூரில் தோன்றியதும் அவ்வாண்டே. பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை இன்று தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

சங்கத்தின் திட்டம் எளியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளிகளே கிடைத்த அக்காலத்தில் 10 வெள்ளி சிறு தொகையன்று. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். ‘நாமாவது, தோட்டம் வாங்குவதாவது!’ என்று நகைத்தவர்களும் இருந்திருப்பர். ஆயினும் கட்டியவர்கள் மாதந்தோறும் கட்டினர். மறு ஆண்டே, 1961இல், வடக்கே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் வேறு பல தோட்டங்களும் வந்து சேர்ந்தன. 1979இல் சம்பந்தன் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

சந்தையின் போக்கோ வேறாக இருந்தது. 1973இல் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தை சிங்கப்பூரிலிருந்து பிரிந்து தனியாயிற்று. 1985 டிசம்பரில் பான்-எலக்ட்ரிக் என்னும் சிங்கப்பூர்க் கம்பெனி நொடித்தபோது, இரு நகரச் சந்தைகளும் மூன்று நாள் மூடப்பட்டன. பின்னொரு நாளில் பணம் தருவதாகக் கூறிப் பங்கு வாங்கும் ஒப்பந்தங்கள் மலிந்திருந்ததே பெருங்குழப்பத்துக்குக் காரணம். சொன்ன நாள் வந்தது, பணம் வரவில்லை. அடுத்து 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளில் நின்ற கோலாலம்பூர்ச் சந்தைக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாள் 262 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களுக்குப் பொறுத்திருக்கவும் வழியில்லை. கடன் கொடுத்தவர் பொறுப்பாரா?

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பொறுமை என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. கெட்டுப்போன கம்பெனியின் பங்கை, என்றாவது ஏறும் என்று வைத்துக்கொண்டிருப்பது பொறுமையாகாது, அது அசட்டை. வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்குவதும், கடன் படாமல் வாங்குவதும், முன்னரே வகுத்த அளவை ஆசையாலும் அச்சத்தாலும் மீறாதிருப்பதுமே கட்டுப்பாடு. இக்கட்டுப்பாடு உள்ளவனுக்கே பொறுமை கைகூடும். சங்கத்து உறுப்பினர் தாம் வாங்கியது எது என அறிந்திருந்தனர். மரமும் மண்ணும் பாலின் அளவும் அவர்களுக்குத் தெரிந்தவை.

பால் மரம் வெட்டுவோருக்கு இப்பாடம் புதிதன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்ட வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். இன்றே மிகுதியாகப் பால் எடுக்க ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும். மறுபட்டை சீராக வளராது. பல ஆண்டு பலன் தரும் மரம் ஒருநாள் பேராசையால் பாழாகும்.

இன்று கைப்பேசியிலேயே பங்கு வாங்கவும் விற்கவும் முடிகிறது. ஒரே மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்குவோம் என்று அழைப்போரும் குறையவில்லை. அத்தகைய அழைப்பு வரும்போது, மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். பதறாத காரியம் சிதறாது.